பொன்னிறக் காளான்

பிறந்த ஊரை விட்டுப் புறப்படுகிறவர்கள் பெட்டியில் எடுத்து வைப்பவை சில. எடுத்து வைக்காமலே கூட வருபவை பல. குத்துவிளக்கும் அம்மிக்கல்லும் முதல் வகை. எது உண்ணத்தக்கது, எது தகாதது, எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்னும் அறிவு இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகைச் சுமைக்கு இரயிலில் எவரும் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் அதற்குரிய விலையை என்றேனும் ஒருநாள் செலுத்த நேர்ந்துவிடுகிறது. எங்கள் குடும்பம் அந்த விலையைச் செலுத்தும் தறுவாய் வரை சென்று மீண்ட ஒரு நாளைப் பற்றியும், அந்நாளுக்குப் பின் எங்களுக்குக் கிட்டிய ஒரு நட்பைப் பற்றியும் இம்மலரில் எழுத விழைகிறோம்.

எங்கள் ஊர் குடந்தைக்கு அருகே, காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூர். இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியலில் எங்கள் அம்மா ஒரு கூடையுடன் வேலியோரம் போவார். கறையான் புற்றின் மேலும் அதைச் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று காளான் பூத்திருக்கும். பூக்கும் பொழுதும் இடமும் அம்மாவுக்குத் தெரியும். அன்று வீட்டில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட காளான் குழம்பு மணக்கும். சிறுவர்களாகிய எங்களுக்கு அம்மா கற்பித்த இலக்கணம் மிகவும் எளியது. வெள்ளையாக இருந்தால் வீட்டுக்கு. வண்ணமாக இருந்தால் அது நாய்க்குடை, காலால் தள்ளிவிட்டுப் போக வேண்டும். இந்த இலக்கணத்தை நாங்கள் ஐயுற்றதே இல்லை. பல தலைமுறையாக எங்கள் வீட்டில் எவரையும் அது கைவிட்டதும் இல்லை.

1979-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அலுவலக மாற்றலில் ஷில்லாங் சென்றோம். மேகாலயம் தனி மாநிலமாகி அப்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. "காசிக் குன்றுகளுக்கு மாற்றல்" என்று ஊருக்குக் கடிதம் எழுதினோம். அம்மா அதைப் படிக்கக் கேட்டுவிட்டு, கங்கையில் நீராடக் கொடுத்து வைத்த பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். இது விசுவநாதர் உறையும் காசி அன்று, காசி என்னும் பழங்குடி மக்கள் வாழும் மலை என்று விளக்கி மற்றொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

லைதும்க்ரா என்னும் பகுதியில், காசி இனத்தைச் சேர்ந்த ஓர் அம்மையாரின் வீட்டில் குடியேறினோம். தாய்வழிச் சமுதாயம் அது. குலம் தாயின் பெயரால் வழங்கும். குடும்பச் சொத்து கடைசிப் பெண்ணைச் சேரும். வீட்டுக்கார அம்மையாரும் தம் தாய்க்குக் கடைசி மகள். மூத்த பெண்களை மதிப்புடன் 'கோங்' என்று அழைப்பது அவர்கள் வழக்கம். நாங்களும் கோங் என்றே அழைத்தோம். அவருக்குத் தெரிந்த இந்தியும் எங்களுக்குத் தெரிந்த இந்தியும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இரண்டும் சந்தித்த இடங்களில் பேச்சு நடந்தது. சந்திக்காத இடங்களில் கைகள் பேசின.

அவ்வாண்டு அக்டோபரில் நகரில் வெளியாருக்கு எதிரான கலவரம் மூண்டது. ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. வெளியாரைக் குறிக்கும் 'ட்கார்' என்னும் சொல்லை அப்போதுதான் முதன்முதலாகச் செவியுற்றோம். அச்சொல் எங்களையும் குறிக்கும் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரங்களில் கோங் மாலைதோறும் எங்கள் பகுதிக்கு வந்து, அடுப்படியில் முக்காலி போட்டு அமர்ந்து, வெற்றிலை பாக்கு மென்றுகொண்டு பேசாமல் இருப்பார். விளக்கு வைத்து நெடுநேரம் ஆனபின்பு எழுந்து போவார். ஏன் வருகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இத்தகைய பெருமாட்டிக்கு நாங்கள் செய்த ஒரு சிறுமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மலையில் மழைக்காலம் வந்துவிட்டால், இயூடு என்னும் பெரிய சந்தையில் காட்டுக் காளான்கள் குவியும். முதுகில் மூங்கிற் கூடையும், அக்கூடையைத் தாங்கும் வாரை நெற்றியிலுமாகக் காசிப் பெண்கள் மலையிறங்கி வந்து, அகன்ற பச்சை இலைகளில் அவற்றைப் பரப்பி விற்பார்கள். காளானுக்கு அவர்கள் மொழியில் 'டிட்' என்று பெயர். அங்கே வெள்ளையைக் காட்டிலும் வண்ணங்களே மிகுதி. முட்டைக் கருவின் மஞ்சள், செங்கல் சிவப்பு, கத்தரிப்பூ ஊதா. பார்க்கும்போதே எங்களுக்கு அடிவயிறு கலங்கும். முதல் ஆண்டு ஆகஸ்டில் ஒருநாள் கோங் ஒரு கிண்ணம் நிறைய மஞ்சள் காளான் சமைத்துக் கொண்டுவந்து தந்தார். முகம் மலர வாங்கிக்கொண்டோம். அவர் படியிறங்கியதும் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினோம். மறுநாள் "எப்படி இருந்தது?" என்று கேட்டார். "மிக நன்றாக இருந்தது" என்றோம்.

1980-ஆம் ஆண்டு ஜூனில் அம்மா எங்களிடம் வந்து சேர்ந்தார். குடந்தையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து கௌகாத்தி, பிறகு நூறு கிலோமீட்டர் மலைப்பாதையில் பேருந்து. வந்த களைப்பு நீங்கியதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "இவ்வளவு மழை பெய்கிற ஊரில் காளான் கிடையாதா?" என்பதுதான். சந்தைக்கு அழைத்துப் போனோம். மஞ்சளையும் ஊதாவையும் கண்டவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "பாவம், இந்த ஜனங்களுக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்க ஒரு பெரியவள் இல்லாமல் போய்விட்டாளே!" என்று உண்மையாகவே இரங்கினார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது வயதான எங்கள் மூத்த மகன், வீட்டுக்குப் பின்னால் இருந்த பைன் தோப்பில் விளையாடிவிட்டு, சட்டையை மடித்துப் பிடித்தபடி ஓடிவந்தான். மடி நிறைய வெள்ளைக் காளான். பால் போன்ற வெண்மை, பளபளக்கும் குடை, ஒரு கறை இல்லை, ஒரு பூச்சி இல்லை. அம்மாவின் முகத்தில் அன்று கண்ட ஒளியை அதற்கு முன் பல ஆண்டுகளாக நாங்கள் கண்டதில்லை. பேரனை உச்சி முகர்ந்தார். "நம் ஊர் மழை இங்கேயும் பெய்கிறதடா!" என்றார்.

அம்மா எதையும் ஆராயாமல் செய்பவர் அல்லர். தம் சுருக்குப் பையிலிருந்த பழைய வெள்ளி ரூபாயை எடுத்து, காளான் ஊறிய வெந்நீரில் போட்டார். நஞ்சாக இருந்தால் வெள்ளி கறுக்கும் என்பது அவர் கேட்டு வளர்ந்த சோதனை. ரூபாய் கறுக்கவில்லை. மஞ்சள் தூளைத் தூவினார், நிறம் மாறவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் வாணலி ஏறியது. எங்கள் இல்லத்தரசி வெங்காயம் வதக்கத் தொடங்கினார். பிள்ளைகள் இருவரும் தட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிட்டனர்.

அவ்வேளையில்தான் கோங் வந்தார். மழைநீர் சொட்டும் குடையை வாயிலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவர், முறத்தில் மீதியிருந்த ஒரு காளானைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். அடுத்த கணம், ஒரு சொல்லும் சொல்லாமல், முந்தானையால் வாணலியின் பிடியைப் பற்றித் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். சுடுநீரையும் கொட்டினார். பிறகு பிள்ளைகளிடம் வந்து அவர்களுடைய வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்த்தார். "தின்றீர்களா? தின்றீர்களா?" என்று எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார். எவரும் தின்னவில்லை என்று உறுதியான பின்னரே சுவரில் சாய்ந்து அமர்ந்தார். அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அம்மாவுக்குச் சினம் வந்துவிட்டது. "நாற்பது வருஷமாகக் காளான் பறித்துச் சமைத்தவள் நான். என் சட்டியைத் தூக்கிக் கொட்ட இவள் யார்?" என்றார். தமிழில் சொன்னதைக் கோங் எப்படியோ விளங்கிக்கொண்டார். மகனை அழைத்து, காளான் பறித்த இடத்தைக் காட்டச் சொன்னார். மழையில் நனைந்தபடி எல்லோரும் பின்தொடர்ந்தோம். அங்கே இன்னும் இரண்டு நின்றிருந்தன. கோங் அவற்றைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரு மூங்கிற் குச்சியால் சுற்றிலும் மண்ணைத் தோண்டி, அடியோடு பெயர்த்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

தண்டின் அடி ஒரு முட்டை ஓட்டுக்குள் நிற்பது போல, வெண்மையான ஒரு பைக்குள் நின்றது. தண்டின் மேற்பகுதியில் கிழிந்த பாவாடை போல் ஒரு வளையம். குடையின் அடியில் இருந்த மடல்களும் வெண்மை. அந்தப் பை மண்ணுக்குள் தங்கிவிட, மகன் மேற்பாகத்தை மட்டும் ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறான். நஞ்சின் அடையாளம் நிலத்தடியில் இருந்துவிட்டது. அழகு மட்டும் வீடு வந்துவிட்டது.

கோங் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கள் இல்லத்தரசி அதை மொழிபெயர்த்தார்: "உங்கள் ஊரில் இது எதன் மேல் முளைக்கும்?"

"புற்றின் மேல்," என்றார் அம்மா. சொல்லிவிட்டுத் தாமே திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பைன் ஊசிகள் பரவிய அந்தச் சரிவில் புற்று எங்கும் இல்லை.

எங்கள் ஊர்ப் புற்றுக் காளான் கறையானோடு கூடி வாழ்வது. புற்றுக்குள் கறையான்களே அதை வளர்க்கின்றன. அதன் தண்டு வேர் போல் நீண்டு, நிலத்தடியில் உள்ள கறையான் கூடுவரை செல்லும். அம்மா அறிந்திருந்தது அந்த வேரையும் அந்தப் புற்றையும்தான். 'வெள்ளை நல்லது' என்பது அவ்வறிவின் சுருக்கம் மட்டுமே. புற்றை ஊரிலேயே விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் சுமந்துகொண்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தோம்.

அன்று வாணலியில் இருந்தது கொல்லும் இனந்தானா என்று எவரும் ஆய்ந்து முடிவு கூறவில்லை. ஆனால் அடியில் பை, மேலே வளையம், வெண்மையான மடல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவை 'அமானிட்டா' என்னும் பேரினத்தில் உண்டு என்பதையும், உலகில் நேரும் காளான் நச்சு மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்பேரினத்தின் சில இனங்களே காரணம் என்பதையும் பின்னாளில் நூல்களில் படித்தோம். அவற்றின் நஞ்சு சமைத்தாலும் சாகாது, உலர்த்தினாலும் நீங்காது. உண்டவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு நலமானது போல் ஓர் இடைவேளை. அந்த இடைவேளையில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். ஒரே காளான் ஓர் ஆளைக் கொல்லப் போதும். வெள்ளி கறுக்கும் என்பதும், பூச்சி தின்றால் மனிதர் தின்னலாம் என்பதும், புளியும் மஞ்சளும் நஞ்சை முறிக்கும் என்பதும் அடிப்படையற்றவை. அம்மாவின் வெள்ளி ரூபாய் எந்தக் காளான் நஞ்சினாலும் கறுத்திருக்காது.

அன்றிரவு அம்மா உண்ணவில்லை. பேரன்கள் உறங்கிய பிறகும் அவர்கள் பக்கத்திலேயே அமர்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கையாலேயே…" என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

மறுவாரம் கோங் எங்களை அழைத்தார். தம் குலத்தாருக்குரிய காட்டுக்குக் காளான் பறிக்கப் போவதாகவும், அம்மா கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார். காசி மலையில் காடுகளில் பெரும்பகுதி அரசுக்குரியது அன்று. குலங்களுக்கும் ஊர்ச் சமுதாயங்களுக்கும் உரியது. வெளியார் நினைத்தபடி நுழைந்து ஒரு சுள்ளியும் எடுக்க இயலாது. 'ட்கார்' என்னும் சொல்லைக் கேட்டு ஓராண்டுகூட ஆகாத நாங்கள் அந்த அழைப்பின் பொருளை உணர்ந்தே புறப்பட்டோம். போகும் வழியில், மௌப்லாங் ஊரில் உள்ள தெய்வக்காட்டைப் பற்றிக் கோங் சொன்னார். அக்காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுவரலாகாது என்பது அவர்கள் முன்னோர் வகுத்த கட்டளை. நாங்கள் போனது அக்காடு அன்று. பறித்துண்ண இசைவுள்ள காடு. எனினும் எல்லையில் நின்று, தம் மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டே கோங் உள்ளே அடியெடுத்து வைத்தார்.

முதுகை மூடும் ஆமையோடு போன்ற மூங்கில் மழைக்கவசத்தைக் காசியர் 'க்னூப்' என்பர். அதை அணிந்து கோங் முன்னே நடந்தார். பைன் மரங்களும் கருவாலி மரங்களும் கலந்து நின்ற சரிவில், பாசியின் நடுவே, யாரோ மஞ்சட் கிழங்கை நறுக்கி எறிந்தது போல ஆங்காங்கே பொன்னிறம் தெரிந்தது. சந்தையில் எங்கள் வயிற்றைக் கலக்கிய அதே காளான். ஓராண்டுக்கு முன் நாங்கள் மண்ணில் புதைத்த அதே காளான்.

கோங் அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு அமர்ந்தார். பாடம் தொடங்கியது. முதற்பாடம் இடம்: இது உயிருள்ள மரத்தின் அருகே, தரையில், ஒன்றொன்றாக நிற்கும், பட்ட மரத்தின் மேல் கொத்தாக நிற்காது. இரண்டாவது வடிவம்: இளமையில் குவிந்திருக்கும் குடை, முதிர்ந்ததும் நெளிந்த ஓரத்துடன் புனல் போல் குழியும். மூன்றாவது பாடமே தலையானது. குடையைத் திருப்பி அடிப்பக்கத்தை அம்மாவின் விரலால் தடவச் செய்தார். அங்கே கத்தி போன்ற மெல்லிய மடல்கள் இல்லை. வழுக்கிச் செல்லும் மொண்ணையான வரிகளே உண்டு. அவ்வரிகள் கிளை பிரிந்து, ஒன்றோடொன்று கூடி, தண்டின் மீது இறங்கி மறையும். நகத்தால் கீறினால் தனியே பெயராது. அவை காளானின் தோலிலேயே விழுந்த மடிப்புகள். நான்காவது, நீளவாக்கில் கிழித்துப் பார்ப்பது. வெளியே மஞ்சளாக இருந்தாலும் உட்சதை வெளிறியிருக்கும். தண்டு குழலாக இராமல் திண்ணென்று இருக்கும். ஐந்தாவது மணம். ஆப்ரிகாட் பழத்தின் மணம் என்று நூல்கள் கூறும். அம்மா அப்பழத்தை அறியாதவர். முகர்ந்துவிட்டு, "மாம்பழக் கூடையைத் திறந்தாற் போல இருக்கிறதே!" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் மீண்டும் சிரிப்பைக் கண்டோம்.

"ஐந்தும் பொருந்த வேண்டும்," என்றார் கோங். "நான்கு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால் அது வேறு."

சற்றுத் தொலைவில் ஒரு பட்ட மரத்தின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்து தழைத்து நின்றது. மகன் ஓடிப்போய்க் கைவைக்கப் போனான். அவனைத் தடுத்தவர் அம்மா. "நில்லடா, அது கொத்து!" என்றார். கோங் ஒன்றைப் பறித்துத் திருப்பினார். மெல்லிய கூரிய மடல்கள். கிழித்தார், உள்ளும் செம்மஞ்சள். தூக்கி எறிந்துவிட்டு, அம்மாவின் தோளைத் தட்டினார். இப்படிப் பொன்னிறக் காளானைப் போலத் தோன்றி ஏமாற்றும் இனங்கள் பல நாடுகளில் உண்டு. மேலை நாடுகளில் 'ஓம்ஃபலோட்டஸ்' என்னும் பேரினக் காளான்களை இதுவென்று கருதி உண்டு கடும் வாந்திக்கு ஆளாவோர் உளர். வேறோரிடத்தில் சிவந்த ஊதுகுழல் போன்ற ஒன்று நின்றது. "இதை நாங்கள் உண்போம். ஆனால் பழகாத வயிற்றுக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டாம்," என்றார். ஒருவருக்கு உணவாவது மற்றொருவருக்கு நோயாகலாம் என்பதையும் அன்றே கற்றோம்.

பறிப்பதற்கும் முறை உண்டு. சிறு மொட்டுகளைத் தொடுவதில்லை. ஓரிடத்தில் உள்ள அனைத்தையும் எடுப்பதில்லை. எடுத்ததை அங்கேயே மண் நீக்கி, காற்றோட்டமுள்ள மூங்கிற் கூடையில் இட வேண்டும். ஐயமுள்ளதை ஐயமற்றதோடு ஒரே கூடையில் ஒருபோதும் சேர்க்கலாகாது.

இதை ஏன் வீட்டில் பயிரிடக்கூடாது என்று மகன் கேட்டான். கோங் பக்கத்தில் நின்ற பைன் மரத்தைத் தட்டி, "இவன் வரமாட்டானே!" என்றார். அதன் உட்பொருளை அறிவியல் பிற்பாடு விளக்கிற்று. இக்காளான், மரத்தின் நுண்வேர்களைப் போர்த்திக்கொண்டு வாழும் ஓர் இழைவலையின் கனி. வலை மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் மரத்துக்குத் தருகிறது. மரம் தான் சமைத்த சர்க்கரையை வலைக்குத் தருகிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பெயர்க்க இயலாது. கடைகளில் விற்கும் மொட்டுக் காளானைப் போல் இதைக் கொட்டகையில் வளர்க்க முடியாமைக்கு இதுவே காரணம். கிண்ணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக இதன் பேரினத்துக்குக் 'கான்தரெல்லஸ்' என்று பெயர் வைத்தனர். இந்தியக் காடுகளில் ஐரோப்பிய இனத்தின் பெயராலேயே வெகுகாலம் குறிக்கப்பட்டவற்றுள் பல தனி இனங்கள் என்பதை மரபணு ஆய்வுகள் பிற்காலத்தில் காட்டின. பொன்னிறத்தைத் தருபவை கேரட்டிலும் உள்ள வகையைச் சேர்ந்த நிறமிகள். வண்ணம் என்றாலே நஞ்சு என்று நாங்கள் நினைத்திருந்தோம். நஞ்சுக்கு நிறம் இல்லை.

வீடு திரும்பியதும் இரு முதியவர்களும் ஒன்றாகச் சமைத்தனர். வெறும் வாணலியில் இட்டதும் காளான் தானே நீர் விட்டது. அந்நீர் வற்றிய பின் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், இடித்த மிளகு. நன்றாக வேகும்வரை அம்மா இறக்கவில்லை. பரிமாறும் வேளையில் ஒரு சிறு பூசல் எழுந்தது. "நான் வயதானவள். முதலில் நான் உண்கிறேன், என்ன நேர்ந்தாலும் எனக்கு நேரட்டும்," என்று அம்மா தட்டை இழுத்தார். கோங் தட்டைத் தம் பக்கம் இழுத்து, முதற்கவளத்தைத் தம் வாயில் இட்டுக்கொண்டார். மென்றபடி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "போன வருஷமே நீங்கள் இதைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றீர்களே! இப்போது ஏன் பயம்?"

எங்களால் தலை நிமிர முடியவில்லை. கொட்டிப் புதைத்ததை அவர் அன்றே கண்டிருக்கிறார். கண்டபின்னும் அந்த அக்டோபர் மாலைகளில் எங்கள் அடுப்படியில் வந்து அமர்ந்திருக்கிறார்.

புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய பாட்டொன்றில், சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருப்பது வறுமையின் அடையாளமாக வருகிறது. ஆம்பி என்பது காளானின் பழம்பெயர். எங்கள் அடுப்பிலும் ஆம்பி ஏறியது. ஆனால் வறுமையால் அன்று, ஓர் அயலாள் எங்களைத் தம்மவராகக் கொண்டமையால்.

1988-இல் ஷில்லாங்கை விட்டு மாற்றலானோம். 1991-இல் அம்மா மறைந்தார். 2016-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மீண்டும் அம்மலைக்குச் சென்றபோது கோங்கும் இல்லை. அவருடைய கடைசி மகள் எங்களை அதே காட்டுக்கு அழைத்துச் சென்றார். எல்லையில் நின்று அதே சொற்களை முணுமுணுத்தார். எங்கள் மகன், தலை நரைத்தவன், மண்டியிட்டுக் காளானைத் திருப்பித் தன் மகளுக்கு ஐந்து பாடங்களையும் சொல்லிக் கொடுத்தான்.

இந்நிகழ்ச்சியைப் பழங்கதையாக விட்டுவிட இயலாமல் எங்களை எழுதத் தூண்டியது ஒரு செய்தி. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில், அண்டை மாநிலமான அசாமில் நச்சுக் காளான் உண்டு 13 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். தலைமுறைகளுக்கு முன் வேறு மண்ணிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அத்தோட்டங்களில் வாழ்கின்றனர். அவர்கள் எதை நம்பிப் பறித்தார்கள் என்பதை நாங்கள் அறியோம். ஆனால் செய்தியைப் படித்த அன்று எங்கள் கண்முன் நின்றது, கையில் தட்டுடன் அமர்ந்திருந்த எங்கள் பிள்ளைகளின் முகம். அத்தோட்டங்களில் வாயிற்படி ஏறிவர ஒரு கோங் இல்லாமற் போய்விட்டார்.

ஆதலின் இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையை நம்பி எவரும் எந்தக் காட்டிலும் காளான் பறித்து உண்ண வேண்டா. எழுத்தால் கற்கக்கூடிய கலை அன்று இது. அந்தந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவர் அருகில் மண்டியிட்டு, நம் விரலைப் பிடித்துத் தடவச் செய்து கற்பிக்க வேண்டியது. வேற்றூரில் வாழும் நாம் மொழியையும் மரபையும் காத்துக்கொள்ளவே சங்கம் அமைத்துக் கூடுகிறோம், அது செய்யத்தக்கதே. அத்துடன், நாம் குடியேறிய மண்ணின் மூத்தவர்களிடமும் ஒரு முக்காலி போட்டு அமர்ந்து கேட்டுக்கொள்வது நலம்.

எங்களுக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. காசி மலையின் பொன்னிறக் காளானை இனங்காண எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரியும். காவிரிக்கரைப் புற்றுக் காளானை இனங்காண எவருக்கும் தெரியாது. அதை அறிந்தவர் பக்கத்திலேயே இருந்தார். நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்று எங்கள் வீட்டுக்குக் காளான் கடையிலிருந்து நெகிழித் தாளில் பொதிந்து வருகிறது. ஐயுற ஏதும் இல்லாத வெள்ளை மொட்டுகள். ஆயினும் நறுக்குமுன், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பி, அதன் அடியை ஒருமுறை பார்த்துவிட்டே எங்கள் இல்லத்தரசி கத்தியை வைக்கிறார்.